தலைக்கு மேல் ஒன்றரை அடி: குமரி வீடுகளில் செடி வளர்ப்பின் உயரக் கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் போய் வீட்டுக்குள் செடி வளர்ப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற ஊர். வேலிக்கு ஊன்றிய கம்புகூடத் துளிர்த்துவிடும். "வீட்டைச் சுத்தி விளை கெடக்கு, சட்டியில எதுக்கு மக்கா?" என்று திருவட்டாறு, குலசேகரம் பக்கத்து ஆட்கள் கேட்டால் நியாயம்தான்.

ஆனால் மாவட்டம் முழுக்க அப்படி இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடியாக நெருக்கமான மாவட்டம் இதுதான். குளச்சல், முட்டம், கடியபட்டணம், இனயம், தூத்தூர் என்று கடலோரமாக நடந்தால் அந்த நெருக்கத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், நடுவே ஒரு ஆள் போகிற முடுக்கு. வாசலில் சட்டி வைத்தால் உப்புக்காற்று இலை விளிம்பைக் கருக்கிவிடும். ஆனி, ஆடிக் காற்றில் மொட்டை மாடிச் சட்டி நிற்காது. நாகர்கோவிலில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வேறு தொல்லை: மாடியில் சட்டி வைத்தால் ஒழுகும் என்று வீட்டுக்காரர் விடமாட்டார். கடைசியில் மிஞ்சுவது ஜன்னல் திண்டு, அடுக்களை சிலாப், அலமாரித் தட்டு, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சரிவு. எல்லாமே உயரம் குறைந்த இடங்கள். சிலாப்புக்கும் சிலாப்புக்கும் நடுவே ஒன்றரை அடி கிடைத்தால் அதிகம்.

இப்படி வைத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: செடி நெட்டையாக ஓடி மேல் சிலாப்பில் முட்டுகிறது, அப்புறம் வளைந்து சாய்கிறது. அதனால் 'குட்டையாக வளரும் செடி எது?' என்று தேடப் போகிறார்கள். என் பார்வையில் கேள்வி அங்கேயே திசை மாறிவிடுகிறது. பெரும்பாலான வீடுகளில் குறைவாக இருப்பது உயரம் அல்ல, வெளிச்சம். வெளிச்சத்தைச் சரிசெய்தால் உயரப் பிரச்சினையில் பாதிக்கு மேல் தானாகத் தீர்ந்துவிடும். அது எப்படி என்று பார்க்க, செடி தன் உயரத்தை எதை வைத்து முடிவு செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

செடி ஏன் நெட்டுகிறது

சாக்குக்குள் மறந்துபோன உருளைக்கிழங்கு முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிறிய, ஒல்லியான, நீண்ட முளை. கிழங்கில் சேர்ந்திருக்கும் உணவை இலைக்கும் பச்சையத்துக்கும் செலவழிக்காமல், வெளிச்சத்தை எட்டிப்பிடிக்க நீளத்துக்கே செலவழிக்கிறது. இருட்டறையில் மட்டும் நடப்பதல்ல இது, மங்கலான இடத்திலும் இதேதான், கொஞ்சம் மெதுவாக.

செடிக்கு வெளிச்சத்தின் அளவும் தெரியும், நிறமும் தெரியும். ஃபைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளியையும், அதற்கு அடுத்துள்ள தொலைசிவப்பு ஒளியையும் பிரித்து அறிகிறது. இலைகள் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைப் பெரும்பாலும் கீழே விட்டுவிடுகின்றன. ஆகவே ஒரு செடிக்கு வரும் ஒளியில் சிவப்பு குறைந்து தொலைசிவப்பு மிகுந்திருந்தால், 'மேலே வேறு செடி நிற்கிறது, அதைத் தாண்டி ஏறு' என்பதுதான் செய்தி. உடனே ஆக்சின், ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஊக்கிகள் வேலை செய்து கணுவிடை, அதாவது இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள தண்டு, நீள்கிறது. ரப்பர் தோட்டத்துக்குள் தானாக முளைத்த செடி ஒல்லியாக நிற்பதற்கும் இதுதான் காரணம். நீல ஒளி இதற்கு எதிர்த்திசையில் தண்டைக் கட்டுக்குள் வைக்கும். நீலம் குறைந்தால் நீளம் கூடும்.

பழைய குண்டு பல்பில் தொலைசிவப்பும் சூடும் அதிகம், நீலம் குறைவு. அதன் கீழே நாற்று வைத்தால் நெட்டிப்போகாமல் என்ன செய்யும்? வெள்ளை எல்இடியில் தொலைசிவப்பு மிகக் குறைவு. மஞ்சள் சாயல் அடிக்கும் வகையைவிட, 'கூல் டேலைட்' என்று அட்டையில் 6500 கெல்வின் போட்டு விற்கும் வகையில் நீலம் கூடுதல். உயரம் குறைந்த இடத்துக்கு அதுவே போதும். ஊதா நிறத்தில் எரியும் 'குரோ லைட்' என்று விலை கூட்டி விற்பதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அந்த வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிறதா, பூச்சி இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாமல் போவது கூடுதல் தொல்லை.

ஜன்னலும் சன்ஷேடும் சூரியனும்

செலவில்லாமல் கிடைக்கும் வெளிச்சம் ஜன்னல் வழியாக வருவது. ஆனால் தெற்கு ஜன்னல்தான் நல்லது என்று எங்கேயோ படித்துவிட்டு அப்படியே வைப்பது இங்கே சரிவராது. அது வடக்கே வெகு தூரத்தில் இருக்கும் நாடுகளுக்கான கணக்கு.

நாகர்கோவில் கிட்டத்தட்ட 8.2 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 11-ஐ ஒட்டி ஒருமுறை, செப்டம்பர் 1-ஐ ஒட்டி ஒருமுறை நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே, கோடை முழுக்க, நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மீதி மாதங்களில்தான் தெற்கே.

இதில் சன்ஷேடைச் சேர்த்துப் பாருங்கள். நம்மூர் வீடுகளில் ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேடு சாதாரணம். மழைச்சாரலுக்கு அது இல்லாமல் முடியாது. டிசம்பர் 21-ஐ ஒட்டி நடுப்பகல் சூரியன் தெற்கே சுமார் 58 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது இரண்டடி சன்ஷேடின் நிழல் சுவரில் ஏறத்தாழ மூன்றேகால் அடி இறங்கும். நாலடி ஜன்னல் என்றால் அடியில் முக்கால் அடிக்கு மட்டும்தான் நேர்வெயில். அதுவே வருடத்தில் தெற்கு ஜன்னலுக்குக் கிடைக்கும் மிக நல்ல நாள். ஜூனில் வடக்கு ஜன்னலைப் பார்த்தால், சூரியன் சுமார் 75 டிகிரியில் நிற்பதால் நிழல் ஏழடிக்கு மேல் இறங்கிவிடும். நடுப்பகல் வெயில் உள்ளே எட்டிப்பார்க்காது. அந்த மாதங்களில் மேகமும் சேர்ந்துகொள்ளும்.

ஆக, நம்மூரில் சாய்வெயில் கிடைக்கும் கிழக்கு, மேற்கு ஜன்னல்கள்தான் உருப்படியானவை. இரண்டில் கிழக்கு மேல். காலை வெயில் சூடு குறைவு. மேற்கு ஜன்னலில் சாயங்காலச் சூட்டோடு, கடலோரமானால் உப்புக்காற்றும் சாரலும் அடிக்கும். சட்டியைத் திண்டின் அடிமட்டத்தில், கிரிலை ஒட்டி வைக்க வேண்டும். அழகுக்காக ஜன்னல் பாதி உயரத்தில் பலகை அடித்துச் சட்டி வரிசை வைக்கிறார்களே, அது சன்ஷேடு நிழலுக்குள்ளேயே செடியைக் கொண்டுபோய் நிறுத்துகிற வேலை.

ஓட்டு வீடுகளில் கதை இன்னும் கடினம். திருவிதாங்கூர் பாணி வீடுகளின் தாழ்ந்த இறவானமும், கை எட்டும் உயரத்து மரத்தட்டும், சின்ன ஜன்னலும் மழையையும் வெயிலையும் வெளியே நிறுத்தக் கட்டப்பட்டவை. பத்மநாபபுரம் அரண்மனைக்குள் நடந்தவர்களுக்கு அந்த அரையிருட்டு தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் திறந்த முற்றம் இருந்தால் செடிக்கு அதுதான் இடம். முற்றத்தைக் கண்ணாடித் தகடு போட்டு மூடிவிட்டால்கூட அறைகளைவிட அங்கேதான் வெளிச்சம் அதிகம்.

பகல் நீளத்தைப் பற்றி இங்கே கவலைப்பட ஒன்றுமில்லை. மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 40 நிமிடம், மிக நீண்டது 12 மணி 35 நிமிடம். ஐரோப்பியக் குளிர்காலத்தை மனதில் வைத்து எழுதிய ஆலோசனைகளில் பாதியை இதனாலேயே தள்ளிவிடலாம். நம் இருண்ட காலம் வேறு: ஜூன், ஜூலையில் ஒன்று, அக்டோபர், நவம்பரில் இன்னொன்று. இரண்டும் மேகத்தால் வருபவை.

சிலாப்புக்கு நடுவே ஒரு ட்யூப் லைட்

ஜன்னல் இல்லாத தட்டுக்கு விளக்குதான் வழி. தாழ்ந்த தட்டுக்கு ஒரு நன்மை இருப்பது இங்கேதான் தெரியவரும்.

நம் கண் ஏமாற்றும். ட்யூப் லைட் எரியும் அறை நமக்குப் பளிச்சென்று இருக்கும். ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். அப்படி அளந்தால் மேசைமேல் சில நூறு லக்ஸ்தான். வெட்டவெளி உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். நேர்வெயில் படாத ஜன்னலோரம் பெரும்பாலும் ஓராயிரத்திலிருந்து மூவாயிரம் வரை. கீரை உருப்படியாக வளர நாளுக்குப் பதினாலு மணி நேரம், பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் லக்ஸ் தேவை. இப்போது செல்போனிலேயே லக்ஸ் அளக்கும் ஆப் கிடைக்கிறது. துல்லியம் சுமார்தான், ஆனால் ஆயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல அது போதும்.

ஒரு பல்பிலிருந்து தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறையும் என்று பள்ளியில் படித்தோம். அது புள்ளிபோல் எரியும் விளக்குக்கு. நாலடி நீளமுள்ள ட்யூபுக்கு மிக அருகில் இருந்தால் தூரம் இரட்டிப்பாகும்போது வெளிச்சம் பாதியாகத்தான் குறையும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 20 வாட் எல்இடி ட்யூப் மொத்தமாக ஏறத்தாழ 2,000 லூமென் வெளிச்சம் தரும். நேர்கீழே அரையடியில் இது சுமார் ஐயாயிரம் லக்ஸ், ஓரடியில் அதில் பாதி. இரண்டு ட்யூபை அருகருகே மாட்டினால் அரையடியில் பத்தாயிரத்தைத் தொடலாம், மூன்று போட்டால் பதினைந்தாயிரம் வரை.

எட்டடி கூரையில் மாட்டிய விளக்கு இதை ஒருநாளும் தராது. ஒன்றரை அடித் தட்டு தரும். எல்இடி ட்யூபின் முகம் அவ்வளவு சுடாது என்பதால் இலைக்கு நாலு அங்குலம் வரை நெருங்கினாலும் கருகாது. பக்கங்களில் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையோ, பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கமோ வைத்து அடைத்தால் ஓரத்துக்குச் சிதறும் வெளிச்சமும் செடிக்கே திரும்பும். ஆக, உயரம் குறைவாக இருப்பதே இங்கே வெளிச்சத்துக்கு லாபம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 20 வாட் ட்யூப் இரண்டு, தினம் பதினாலு மணி நேரம் என்றால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால் பில்லில் முப்பத்துநாலு யூனிட்போல் கூடும். வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம்; அதற்குள் நிற்கிற வீட்டுக்கு இது தெரியாது, ஏற்கெனவே உயர்ந்த ஸ்லாபில் இருக்கிற வீட்டுக்கு நன்றாகவே தெரியும். காசு மிச்சமாகும் என்று நினைத்து இதில் இறங்க வேண்டாம். வடசேரி சந்தையில் கீரைக்கட்டு இதைவிட மலிவு.

சட்டி தின்னும் உயரம்

ஒன்றரை அடி என்பது பதினெட்டு அங்குலம். ட்யூபும் அதன் பட்டியும் இரண்டு அங்குலம் எடுத்துக்கொள்ளும். மண் நிரப்பிச் செடி நடும் ட்ரே நாலு அங்குலம். இலை நுனிக்கும் விளக்குக்கும் இடையே ஐந்து அங்குலம் விட வேண்டும். மீதி ஏழு அங்குலம்தான் செடிக்கு. இந்தக் கணக்கை முதலில் காகிதத்தில் போடாமல் அழகான எட்டங்குலச் சட்டியை வாங்கி வந்து வைப்பவர்கள், செடி முளைக்கும் முன்பே பாதி உயரத்தைச் சட்டிக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

சரி, சட்டியை ஆழம் குறைத்தால் போதுமா? அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, பலருக்கும் இது தெரிவதில்லை. தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகும் சட்டியின் அடியில் ஒரு படலம் ஈரத்தில் ஊறியே நிற்கும். மண்ணின் நுண்துளைகள் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இந்த ஊறிய படலத்தின் உயரம் மண்கலவையைப் பொறுத்தது, சட்டியின் ஆழத்தைப் பொறுத்ததல்ல. இரண்டு அங்குலம் ஊறி நிற்கும் கலவை என்றால், பத்து அங்குலச் சட்டியில் அது ஐந்தில் ஒரு பங்கு. நாலங்குல ட்ரேயில் அது சரிபாதி. வேர் அழுகுவது அதனால்தான். அடியில் ஜல்லி போட்டால் வடியும் என்று எல்லோரும் செய்வது இதற்கு உதவாது; ஊறிய படலம் ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும், வேருக்கு இடம் இன்னும் குறையும்.

செய்ய வேண்டியது கலவையையே சொரசொரப்பாக்குவது. தோட்டத்துச் செம்மண்ணை ட்ரேயில் கொட்டினால் இறுகிவிடும். தென்னை நார்க்கழிவு பாதி, மட்கிய உரம் கால், சலித்தெடுத்த பெருமணல் கால் என்பது என் விருப்பமான அளவு. நார்க்கழிவுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. ஆனால் உப்புக்கலந்த காயல் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்தது என்றால் அதில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். ட்ரேயின் ஓட்டை வழியாக ஒரு பருத்தித் துணித்திரியைச் செருகி, அது அடியில் சில அங்குலம் தொங்கும்படி விட்டால், தேங்கிய தண்ணீரில் கொஞ்சம் அதன் வழியே இறங்கிவிடும்.

கிளையில் எழுதியிருக்கும் உயரம்

இப்போது செடிக்கு வரலாம். நெட்டாமல் இருக்க வெளிச்சம் கொடுத்தாயிற்று. அதற்கு மேல், பிறவியிலேயே எவ்வளவு உயர வேண்டும் என்பதும் உண்டு.

குட்டை ரகம் என்றால் என்ன என்பதற்கு நாஞ்சில் நாட்டு வயலே சாட்சி. ஆளுயரம் வளர்ந்து காற்றில் சாய்ந்த பழைய நெல் ரகங்களின் இடத்தில் இடுப்பளவு நெல் வந்தது 1966-இல் வெளியான ஐஆர் 8-க்குப் பிறகுதான். தைவானின் ஒரு குட்டை நெல்லிலிருந்து வந்த மரபணு அதில் இருக்கிறது. ஜிப்பரெலின் தயாரிப்பில் ஒரு படியை அது குறைத்துவிடுகிறது. தக்காளியில் அப்படி ஒரு பிறவிக் குட்டை 'மைக்ரோ டாம்'. அமெரிக்காவின் புளோரிடாவில் 1989-இல் வெளியிட்டது. அரையடிக்குச் சற்று மேல் வளர்ந்து கோலிக்குண்டு அளவில் பழம் தரும். விதை இணையத்தில் கிடைக்கிறது. ருசி சுமார், புளிக்குழம்புக்கு ஆகாது. ஆனால் ஒன்றரை அடித் தட்டில் தக்காளி பழுப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை.

குட்டை ரகம் தேடாமலே குட்டையாக்க முடிகிற செடி ஒன்று நம் மலையடிவாரத்தில் இருக்கிறது: நல்லமிளகு. பலாவிலும் முருக்கிலும் கமுகிலும் இருபதடி, முப்பதடி ஏறும் கொடி அது. ஆனால் அந்தக் கொடியில் இரண்டு விதக் கிளைகள் உண்டு. மரத்தைப் பற்றி மேலே ஏறுகிற தண்டு ஒன்று. அதன் கணுக்களில் பற்றுவேர் இருக்கும். அந்தத் தண்டிலிருந்து பக்கவாட்டில் பிரிந்து, பற்றுவேர் இல்லாமல் நின்று, மிளகுச் சரம் பிடிக்கிற கிளை இன்னொன்று. ஏறுகிற தண்டையோ தரையில் ஓடும் கொடியையோ வெட்டி நட்டால் அது மறுபடி ஏறும். காய்க்கும் பக்கக்கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்தால் அது ஏறாது. புதராகவே நின்று, இரண்டடி உயரத்தில் சட்டியிலேயே சரம் விடும். தாய்க்கொடி ஒன்றுதான், மரபணுவும் ஒன்றுதான். எந்தக் கிளையிலிருந்து வந்தது என்பதைக் கன்று மறப்பதில்லை.

புதர் மிளகு என்று நாற்றங்கால்களில் கிடைப்பது இதுதான். வாங்கும்போது கணுவில் பற்றுவேர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது ஏறுகொடி, ஏமாற வேண்டாம். ரகத்தில், பன்னியூர் 1 திறந்த வெளிச்சத்தை விரும்பும். வீட்டுக்குள் என்றால் நிழல் தாங்கும் கரிமுண்டா மேல். சிலாப்புக்குள் இது அடங்காது, கிழக்கு ஜன்னல் திண்டு வேண்டும். பக்கக்கிளை வேர்பிடிப்பது லேசில் நடக்காது, பத்து நட்டால் சில பிடிக்கும் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். அதனால் கன்று விலையும் சற்றுக் கூடுதல். கொலுப்ரினம் என்ற காட்டு மிளகு வகையின் வேரில் ஒட்டுக்கட்டிய கன்றுகளும் வருகின்றன. அந்த வேர், மிளகை வதைக்கும் வாடல் நோயைத் தாங்கும், ஈரத்தையும் தாங்கும்.

இன்னொன்று: மிளகுப் பூவில் மகரந்தம் பரவ மழைத்துளி உதவுகிறது. ஆனி மழையில் மலைத்தோட்டத்துச் சரங்கள் பிடிப்பது அதனால்தான். வீட்டுக்குள் மழை ஏது? சரம் பூத்திருக்கும் நாட்களில் தெளிப்பானால் தண்ணீரைப் பனிபோல் அடித்துவிட வேண்டும். 'சரம் வருது, மணி பிடிக்கல' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதை விட்டவர்களாக இருப்பார்கள்.

தட்டுக்குள் அடங்குபவை என்று பார்த்தால் வல்லாரை முதலில் வரும். வயல் வரப்பில் தரையோடு ஓடுகிற செடி, மேலே வளரும் எண்ணமே அதற்கு இல்லை. வெளிச்சம் குறைந்தால் மட்டும் இலைக்காம்பு நீளும். அதையே லக்ஸ் மீட்டராக வைத்துக்கொள்ளலாம். சிறுகீரை, அரைக்கீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி எல்லாம் ஏழங்குலத்துக்குள் வெட்டி எடுத்துவிடக் கூடியவை. புதினா, பொன்னாங்கண்ணி தண்டு ஊன்றினால் போதும். கடுகு, வெந்தயத்தை நெருக்கமாகத் தூவி இரண்டிலை விட்டதும் அறுத்துச் சாப்பிடுவதற்கு அரையடி இடைவெளியே அதிகம். காந்தாரி மிளகாயும் கறிவேப்பிலையும் தட்டுக்கு வேண்டாம். இரண்டும் வெயில் தின்னிகள். ஜன்னலில் வைத்தாலும் அடிக்கடி தலை வெட்ட வேண்டும்.

கிள்ளு, படுக்கவை, தடவு

தலை வெட்டுவதைத் தோவாளைப் பக்கத்துப் பூ விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேந்தி நாற்றின் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வெடித்துப் பூ கூடும். தண்டின் நுனியில் உற்பத்தியாகும் ஆக்சின் கீழே இறங்கி வந்து பக்கமொட்டுகளை உறங்க வைத்திருக்கிறது. நுனி போனால் அவை விழிக்கின்றன. உயரம் குறைந்த தட்டில் துளசி, புதினா, பொன்னாங்கண்ணி எதுவானாலும் நாலாவது ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். விளக்கைத் தொட்ட பிறகு கிள்ளலாம் என்று காத்திருந்தால் அடித்தண்டு வெறுமையாகிவிடும்.

கொடிகளுக்குக் கிள்ளுவதைவிடப் படுக்கவைப்பது மேல். கொடிப்பசலையைக் கம்பில் ஏற்றாமல், தட்டுக்கு மேல் கிடைமட்டமாகக் கட்டிய மீன்வலைத் துண்டில் படரவிட்டால் ஒவ்வொரு கணுவிலும் துளிர் எழும். தண்டு படுக்கையானதும் நுனியின் அதிகாரம் தளர்ந்துவிடுகிறது. கடற்கரை வீடுகளில் பழைய வலைக்கா பஞ்சம்! மணி பிளான்டுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: மேலே பரணில் வைத்துத் தொங்கவிட்டால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் தொங்கும் கொடியில் இலை போகப் போகச் சிறுத்துவிடும். பெரிய இலை வேண்டுமென்றால் அது ஏற வேண்டும்.

மூன்றாவது விஷயத்தை நம்ப மறுப்பவர்கள் இருக்கிறார்கள். செடியைத் தினமும் கையால் மெல்லத் தடவிவிட்டால் அது குட்டையாகவும் தடித்த தண்டோடும் வளரும். தொடுதலும் அசைவும் தண்டின் நீட்சியைக் குறைக்கின்றன. இதற்கு 1973-இல் மார்க் ஜாஃப் என்ற தாவரவியலாளர் திக்மோமார்ஃபோஜெனிசிஸ் என்று பெயர் வைத்தார். வாயில் நுழையாத பெயர், ஆனால் விஷயம் எளிது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காற்றாலை இறக்கைகளை மட்டுமா ஆட்டுகிறது? வீட்டுக்குள் அந்தக் காற்று இல்லாததும் செடி ஒல்லியாவதற்கு ஒரு காரணம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன மின்விசிறி ஒன்றைத் தட்டின் ஓரத்தில் மாட்டினால் போதும்.

மழைக்காலத்து எச்சரிக்கைகள்

அந்த விசிறிக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஜூனில் துணியே காயாத ஊர் இது. மூடிய தட்டுக்குள் இலைகள் விடும் ஆவி வெளியேற வழியில்லாமல் நின்றால் நாற்றழுகல் வரும்; முந்தின நாள் நிமிர்ந்து நின்ற நாற்று மறுநாள் மண்மட்டத்தில் மெலிந்து விழுந்து கிடக்கும். விதையை நெருக்கித் தூவாமல் இருப்பதும், மாலையில் தண்ணீர் ஊற்றாமல் காலையில் ஊற்றுவதும் இதைப் பெருமளவு தடுக்கும்.

சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டத்தில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். ரப்பர் தோட்டத்துச் சிரட்டையில் தேங்கும் தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடுவதைப் பற்றி இந்த மாவட்டத்தில் சுகாதாரத் துறை சொல்லாத வருடமில்லை. செடித் தட்டம் அதற்கு எந்த விதத்திலும் மாறுபட்டதல்ல, இது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பதைத் தவிர.

மின்சாரத்தில் கஞ்சத்தனம் கூடாது. கடலோர வீடுகளில் இரும்புப் பட்டியும் திருகாணியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். தண்ணீர் தெளிக்கிற இடத்தில் துருப்பிடித்த ஹோல்டர் ஆபத்து. பிளாஸ்டிக் உறை போட்ட, ஈரம் புகாத வகை ட்யூப் பட்டியை வாங்க வேண்டும். வயரைத் தட்டுக்கு மேலிருந்து இறக்காமல் கீழிருந்து வளைத்து ஏற்றினால், வயர் வழியே வழியும் தண்ணீர் பிளக்கை எட்டாமல் கீழ் வளைவிலேயே சொட்டிவிடும். கசிவு மின்சாரத்தைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இல்லையென்றால், தட்டு அமைப்பதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் போட்டுவிடுங்கள். விளக்குக்கு ஒரு டைமர் ஸ்விட்ச் வைத்துக் காலை ஐந்து மணிக்கு எரிந்து இரவு ஏழுக்கு அணையும்படி விட்டால் ஊருக்குப் போனாலும் கவலையில்லை. தண்ணீர் ஊற்ற மட்டும் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுக்க வேண்டியிருக்கும்.